திரையில் குதிக்கும் ஏழரை டிகிரி

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வந்து படிப்பவர்களுக்கும் உதவும். ஹீட் ட்ரீட்மென்ட் ஃபர்னஸில் எட்டு கே-டைப் தெர்மோகப்பிள்கள், அதாவது இரண்டு வேறு உலோகக் கம்பிகளை முனையில் இணைத்த வெப்ப சென்சார்கள். எல்லாமே டூப்ளெக்ஸ், அதாவது ஒரே உறைக்குள் இரண்டு ஜோடி. ஒரு ஜோடி பேனலில் இருக்கும் கண்ட்ரோலருக்குப் போகிறது. இன்னொரு ஜோடியிலிருந்து 15 மீட்டர் வயர் இழுத்து, ±10 வோல்ட் வாங்கும் 16-பிட் யுஎஸ்பி கார்டில் நேராக மாட்டி, விநாடிக்கு 10 ரீடிங் எடுக்கிறீர்கள். அறை வெப்பத்துக்காக சாஃப்ட்வேரில் 30-ஐக் கூட்டிக்கொள்கிறீர்கள். கண்ட்ரோலரில் 870 அசையாமல் நிற்கும்போது லேப்டாப்பில் 827, 834, 842 என்று குதிக்கிறது. அதன்மேல் மெதுவான ஓர் அலை, சில நேரம் 20 விநாடிக்கு ஒன்று, சில நேரம் ஒரு நிமிடத்துக்கு ஒன்று. ப்ளோயர் ஓடத் தொடங்கினால் எல்லாம் கலைந்துபோகிறது. விற்பனையாளர் 24-பிட் கார்டு வாங்கச் சொல்கிறார், வாங்கலாமா என்கிறீர்கள். எனக்கு இதில் கார்டு பற்றிய கேள்வி கொஞ்சம்தான் தெரிகிறது. திரையில் வரும் எண்ணை எப்போது நம்பலாம் என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது.

வட்டத் தாளில் பேனா ஓடும் சார்ட் ரெக்கார்டர் காலத்தில் இந்த வேலைக்கு வந்தவன் நான். இருபது வருடத்துக்கும் மேலாக ஃபர்னஸ், பாய்லர், டையிங் மெஷின் என்று அளவீட்டு வேலைதான். உங்கள் பேனலை நான் பார்த்ததில்லை. அதனால் கணக்குப் போட்டு அடித்துச் சொல்லக்கூடியது எது, என் சந்தேகம் எது என்று பிரித்தே எழுதுகிறேன்.

கணினி வழித் தரவு சேகரிப்பு என்பது ஒரு சங்கிலி. சென்சார் ஒரு சின்ன மின் சைகையைத் தருகிறது. அதைப் பெருக்கி, வடிகட்டி, தேவைப்பட்டால் தனிமைப்படுத்திக் கொடுப்பது சிக்னல் கண்டிஷனிங். அதற்கப்புறம் அனலாக்கை எண்ணாக்கும் ஏடிசி. கடைசியில் கணினி. கடைகளிலும் விளம்பரங்களிலும் பேசப்படுவது மூன்றாவதும் நான்காவதும்தான். ரீடிங் கெட்டுப்போவது பெரும்பாலும் முதல் இரண்டில். உங்கள் அமைப்பில் இரண்டாவது கண்ணி அறவே இல்லை. தெர்மோகப்பிளிலிருந்து நேராக ஏடிசிக்குத் தாவியிருக்கிறீர்கள்.

முதலில் அந்தக் குதிப்பு. இது உறுதியான விஷயம், காகிதத்திலேயே போட்டுப் பார்க்கலாம். 16-பிட் என்றால் 65,536 படிகள். உங்கள் கார்டு −10 முதல் +10 வரை 20 வோல்ட்டை இத்தனை படியாக வெட்டுகிறது. ஒரு படிக்கு 305 மைக்ரோவோல்ட். கே-டைப் தெர்மோகப்பிள் உங்கள் வெப்பநிலையில் ஒரு டிகிரிக்குத் தருவது சுமார் 40 மைக்ரோவோல்ட். வகுத்துப் பாருங்கள்: படி ஒன்றுக்கு ஏழரை டிகிரி. ஏழரை என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 827, 834, 842 என்று நீங்கள் எழுதிய எண்களின் இடைவெளியைப் பாருங்கள், ஏழு, எட்டு, அதேதான். நடுவில் 830 என்றோ 838 என்றோ அந்தக் கார்டால் காட்டவே முடியாது. ஃபர்னஸ் குதிக்கவில்லை, அளவுகோலில் கோடுகள் அவ்வளவு தள்ளித் தள்ளி இருக்கின்றன. 870 டிகிரியில் கே-டைப் தருவது மொத்தமே 36 மில்லிவோல்ட்தான். அதை 10 வோல்ட் கார்டில் அளப்பது லாரி எடைமேடையில் தாலிக்குண்டை நிறுத்துவது மாதிரி. மேடை கெட்டுப்போயிருக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அப்படியானால் 24-பிட் வாங்கினால் சரியாகிவிடுமே என்று தோன்றும். விற்பனையாளர் சொல்வது பாதி சரி. 24-பிட்டில் ஒரு கோடியே அறுபத்தேழு லட்சம் படிகள் சொச்சம். அதே 20 வோல்ட்டை வெட்டினாலும் ஒரு படி 1.2 மைக்ரோவோல்ட்டுக்கு இறங்கும், குதிப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகும். ஆனால் படி சிறியது என்பதும் ரீடிங் சரி என்பதும் ஒன்றல்ல. ±10 வோல்ட் கார்டுகளின் விவரத்தாளில் பிட் எண்ணிக்கைக்குக் கீழே முழுத் துல்லியம் என்று ஒரு வரி இருக்கும், பொடி எழுத்தில். அந்த இனத்துக் கார்டுகளில் அது ஒன்றிரண்டு மில்லிவோல்ட், சிலவற்றில் அதற்கும் மேல். பத்து வோல்ட்டில் இரண்டு மில்லிவோல்ட் பிழை ஒன்றுமில்லை. தெர்மோகப்பிளுக்கு அது 50 டிகிரி. கார்டு வாங்கும்போது எத்தனை பிட் என்று கேட்பதை நிறுத்திவிட்டு, என் சென்சாரின் ஒரு டிகிரிக்கு இதில் எத்தனை படி, பூஜ்யம், அதாவது உள்ளீடே இல்லாதபோது காட்டும் எண், எவ்வளவு நகரும் என்று கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் வேறு கடை பாருங்கள்.

அடுத்தது, ஏன் 35 டிகிரி குறைவு என்பது. இரண்டு ஜோடியும் ஒரே உறைக்குள் இருப்பதால் ஃபர்னஸுக்குள் உண்மையில் அந்த வித்தியாசம் இருக்க வழியில்லை. இங்கே எனக்கு இரண்டு சந்தேகங்கள். ஒன்று, மேலே சொன்ன கார்டின் பூஜ்யப் பிழை. இன்னொன்று, அந்த 15 மீட்டர் வயர். என்ன வயர் என்று நீங்கள் எழுதவில்லை. சாதாரணச் செம்பு வயராக இருந்தால் கதை இப்படி. தெர்மோகப்பிள் வெப்பநிலையை அளப்பதில்லை, இரண்டு முனைகளுக்கு இடையிலான வித்தியாசத்தைத்தான் அளக்கிறது. 1821-இல் சீபெக் கண்டது அதைத்தான். சூடான முனை ஃபர்னஸுக்குள். குளிர்ந்த முனை எங்கே? கே-டைப் உலோகம் எங்கே முடிந்து செம்பு தொடங்குகிறதோ அங்கே. செம்பு வயர் போட்டிருந்தால் அது உங்கள் கார்டில் இல்லை, ஃபர்னஸ் சுவரை ஒட்டியிருக்கும் தெர்மோகப்பிள் தலையில் இருக்கிறது. அந்தத் தலை கை வைக்க முடியாதபடி 65 டிகிரி போல இருக்கலாம். நீங்களோ சாஃப்ட்வேரில் 30-ஐக் கூட்டுகிறீர்கள். வித்தியாசம் 35. உங்கள் ரீடிங் சுமார் 35 குறைகிறது. இவ்வளவு அழகாகப் பொருந்துவதால் நான் வயர் பக்கம்தான் சாய்கிறேன், ஆனாலும் அளந்து பார்க்காமல் சொல்ல மாட்டேன். கார்டின் உள்ளீட்டு முனையில் ஒரு சேனலின் பிளஸ், மைனஸ் இரண்டையும் சின்னச் செம்புத் துண்டால் ஷார்ட் செய்யுங்கள். திரையில் 30-ஐ ஒட்டி வந்தால் கார்டு குற்றமற்றது, வயர்தான் ஆள். மைனஸில் ஏதாவது வந்தால் கார்டின் பூஜ்யம் நகர்ந்திருக்கிறது.

வயரை மாற்றுவதென்றால் கே-டைப்புக்கான காம்பன்சேட்டிங் அல்லது எக்ஸ்டென்ஷன் கேபிள், அதாவது கே-டைப் போலவே வோல்ட்டேஜ் தரும் உலோகத்தில் செய்த வயர், தலையிலிருந்து கார்டு வரை நடுவில் செம்புத் துண்டு இல்லாமல். நிறத்தில் ஒரு வம்பு உண்டு. ஐஇசி என்ற சர்வதேசத் தர முறையில் பச்சை பிளஸ், வெள்ளை மைனஸ். அமெரிக்க முறையில் மஞ்சள் பிளஸ், சிவப்பு மைனஸ். நம் கடைகளில் இரண்டும் கிடைக்கிறது. சிவப்பைக் கண்டால் பிளஸில் மாட்டுவது நம் எலக்ட்ரீசியன்களின் ரத்தத்தில் ஊறியது. கேபிள் இரு முனையிலும் தலைகீழாக மாட்டப்பட்டாலும் ஃபர்னஸ் சூடாகச் சூடாக ரீடிங் ஏறவே செய்யும், அதனால் சந்தேகம் வராது. ஆனால் தலைக்கும் பேனலுக்கும் உள்ள வித்தியாசத்தைப் போல இரண்டு மடங்கு பிழை. உங்கள் கணக்கில் 70 டிகிரி.

இப்போது அந்த அலை. எனக்கு இதில்தான் பழைய காயம். பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பு ஒரு சின்ன யூனிட்டில் இதே மாதிரி அலையைப் பார்த்துவிட்டு, கண்ட்ரோலரின் பிஐடி, அதாவது ஹீட்டரைக் கூட்டிக் குறைக்கும் கணக்கு, சரியில்லை என்று மூன்று நாள் டியூனிங் செய்தேன். எதை மாற்றினாலும் அலை தன் பாட்டுக்கு வந்தது. மூன்றாம் நாள் மதியம் மின்தடை. லேப்டாப்பும் கார்டும் யுபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்தன. ஃபர்னஸ் ஆபரேட்டர் திரையைப் பார்த்துவிட்டு, “சார், கரண்டு போனதும் கோடு சுத்தமா ஓடுது பாருங்க” என்றார். ஹீட்டர் அணைந்து ஃபர்னஸ் ஆறிக்கொண்டிருக்கிறது, கோடு வழுக்கிக்கொண்டு இறங்குகிறது, அலையைக் காணோம். கரண்டு வந்தது, அலையும் வந்தது. அவர் சொன்ன பிறகுதான் எனக்கு மண்டையில் உறைத்தது.

நடந்தது இது. ஹீட்டர் கேபிள் பக்கத்தில் ஓடும் தெர்மோகப்பிள் வயரில் 50 ஹெர்ட்ஸ் ஏறிக்கொள்கிறது. விநாடிக்கு 10 முறை நாம் பார்க்கிறோம். ஒரு பார்வைக்கும் அடுத்த பார்வைக்கும் இடையே அந்த 50 ஹெர்ட்ஸ் சரியாக ஐந்து சுற்று முடித்திருக்கும், ஆக ஒவ்வொரு முறையும் சுற்றின் அதே இடத்தில்தான் பிடிக்கிறோம். மின்சாரம் துல்லியமாக 50 என்றால் அலையே தெரியாது, ரீடிங் மட்டும் கொஞ்சம் தள்ளி நிற்கும். ஆனால் கிரிட் அப்படி நிற்காது. நம் நாட்டு விதியே 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ் வரை இடம் கொடுக்கிறது. 49.95 இருந்தால் 0.05 ஹெர்ட்ஸ் மிச்சம் விழும்: 20 விநாடிக்கு ஓர் அலை. 49.98 ஆனால் 50 விநாடிக்கு ஒன்று. சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவதாகத் தெரியுமே, அதே ஏமாற்று. இதற்கு ஏலியாசிங் என்று பெயர். சைகையில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வேகமாக மாதிரி எடுக்க வேண்டும், முடியாவிட்டால் அந்த அதிர்வெண்ணை ஏடிசிக்கு முன்பே வடிகட்டிவிட வேண்டும் என்ற நைக்விஸ்ட், ஷானன் விதி இதற்குத்தான். எண்ணான பிறகு சாஃப்ட்வேரில் சராசரி போட்டு இதை அகற்ற முடியாது. அந்த நேரத்தில் அது உண்மையான வெப்பநிலை அலை போலவே ஆகிவிட்டிருக்கும்.

உங்களுடையதும் இதுதான் என்று நான் பலமாக நம்புவதற்குக் காரணம், அலையின் நேரம் மாறிக்கொண்டே இருக்கிறது என்று நீங்களே எழுதியது. அவ்வளவு இரும்பும் செங்கலும் கொண்ட ஃபர்னஸ் காரணமில்லாமல் தன் தாளத்தை மாற்றாது. சோதிக்க மின்தடைக்குக் காத்திருக்க வேண்டாம். விநாடிக்கு 10 என்பதை 9 ஆக்கிப் பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் கிளப்பும் பொய் என்றால் மெதுவான அலை மறைந்து, விநாடிக்கு நான்கு முறை துடிக்கும் ஒரு படபடப்பு வரும். உண்மையான வெப்பநிலை என்றால் அலை அப்படியே இருக்கும். கார்டு தன் சொந்தக் கடிகாரத்தில் மாதிரி எடுத்தால்தான் இந்தச் சோதனை தெளிவாக வரும். விண்டோஸ் டைமரை நம்பி எடுத்தால் மில்லி விநாடிகள் முன்பின் ஆகிக் குழம்பும்.

இதற்கு மருந்து பழசு. ஒரு ரீடிங்கை நொடிப்பொழுதில் கொத்தி எடுக்காமல் சரியாக 20 மில்லி விநாடி, அதாவது 50 ஹெர்ட்ஸின் ஒரு முழுச் சுற்று, கூட்டிச் சராசரி எடுக்கும் ஏடிசி. மேல் பாதியும் கீழ் பாதியும் ஒன்றையொன்று தின்றுவிடும். உங்கள் கண்ட்ரோலர் அசையாமல் 870 காட்டுவதில் இந்தச் சூட்சுமத்துக்கும் பங்கு இருக்கும். தெர்மோகப்பிளுக்கென்றே வரும் மாட்யூல்களில் 50/60 என்று ஒரு செட்டிங் இருக்கும். 60-இல் விட்டுவிட்டால் 16.67 மில்லி விநாடிதான் கூட்டும், வடிகட்டல் அரைகுறையாகும். பெட்டியிலிருந்து எடுத்ததும் நான் பார்ப்பது அதைத்தான். இன்னொன்று, தடித்த உறைக்குள் இருக்கும் தெர்மோகப்பிள் வெப்ப மாற்றத்துக்கு அசையவே பல விநாடிகள் எடுக்கும். விநாடிக்கு ஒரு ரீடிங் போதும் போதும். வேகம் கூடினால் தரம் கூடும் என்பது அதிர்வு அளப்பவர்களுக்குப் பொருந்தும், நமக்கல்ல.

ப்ளோயர் சமாச்சாரத்தில் நான் ஊகிக்கத்தான் முடியும். மோட்டார் விஎஃப்டியில், அதாவது மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவில் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், அது சில ஆயிரம் ஹெர்ட்ஸில் வோல்ட்டேஜை வெட்டிக்கொண்டிருக்கும், அந்தக் குப்பை கேபிள் டிரே வழியாகவும் எர்த் வழியாகவும் உங்கள் கார்டுக்கு வரும். கார்டை சிங்கிள்-எண்டடாக, எல்லா மைனஸையும் ஒரே கிரவுண்டில் சேர்த்து மாட்டியிருந்தால் நிச்சயம் தொல்லைதான். தெர்மோகப்பிள் முனை உறையோடு பற்றவைத்த வகையாக இருந்தால், எட்டு உறைகளும் ஃபர்னஸ் உடம்பு வழியாக எர்த்தைத் தொடும், லேப்டாப் தன் சார்ஜர் வழியாக வேறொரு எர்த்தைத் தொடும். இரண்டு எர்த்துக்கும் நடுவில் ஒரு வோல்ட் வித்தியாசம் இருந்தாலும் அது உங்கள் 36 மில்லிவோல்ட்டை விழுங்கிவிடும். சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். படபடப்பு குறைந்தால் வழி தெரிந்துவிட்டது. டிஃபரன்ஷியலாக, அதாவது ஒவ்வொரு சேனலுக்கும் பிளஸ், மைனஸ் இரண்டையும் தனித்தனியாக மாட்டுவது, முறுக்கிய ஜோடி வயர், ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்வது, பவர் கேபிளோடு ஒரே டிரேயில் போடாமல், குறுக்கே போகத்தான் வேண்டுமென்றால் செங்குத்தாகக் கடப்பது எல்லாம் செலவில்லாத வேலைகள். முழுத் தீர்வு, சேனலுக்குச் சேனல் ஐசோலேஷன், அதாவது மின்தொடர்பில்லாமல் தனிமைப்படுத்துவது. அதற்குக் காசு ஆகும்.

வாங்குவது என்றால் இரண்டு வழி சொல்வேன். நேரானது, எட்டு சேனல் தெர்மோகப்பிள் உள்ளீட்டு மாட்யூல். ±80 மில்லிவோல்ட் போன்ற சின்ன வீச்சு, முனையிலேயே குளிர்ச் சந்தியை (மேலே சொன்ன குளிர்ந்த முனையை) அளக்கும் சென்சார், ஐசோலேஷன், 50 ஹெர்ட்ஸ் வடிகட்டல், ஆர்எஸ்-485 வயரில் மாட்பஸ் முறையில் எண்களை அனுப்பும் வெளியீடு. அதே 16-பிட் இந்த வீச்சில் ஒரு படிக்கு 0.06 டிகிரி தரும், 24 தேவையே இல்லை. ஃபர்னஸ் பக்கத்திலேயே மாட்யூலை வைத்துவிட்டு எண்களாகக் கணினிக்குக் கொண்டுவரலாம். யுஎஸ்பி கேபிள் ஐந்து மீட்டரில் மூச்சு வாங்கும், ஆர்எஸ்-485 நிதானமான வேகத்தில் 1,200 மீட்டர் வரை போகும். கோட்டின் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டரை மறக்காதீர்கள்.

இரண்டாவது வழி, வாங்கிய கார்டை வீணாக்க மனமில்லாதவர்களுக்கு. ஒவ்வொரு தெர்மோகப்பிளுக்கும் 4–20 மில்லிஆம்பியர் டிரான்ஸ்மிட்டர் (வெப்பநிலையை அந்த வீச்சில் கரண்ட்டாக மாற்றி அனுப்பும் பெட்டி) போட்டு, கார்டு முனையில் 250 ஓம் ரெசிஸ்டரில் 1–5 வோல்ட்டாக மாற்றுங்கள். 0–1200 டிகிரிக்குச் செட் செய்தால் உங்கள் பழைய 16-பிட் கார்டே படிக்கு 0.09 டிகிரி காட்டும். வயர் அறுந்தால் கரண்ட் பூஜ்யமாகிவிடும், ஃபர்னஸ் ஆறிவிட்டதா, வயர் போய்விட்டதா என்ற குழப்பம் வராது. 3.6 மில்லிஆம்பியருக்குக் கீழே போனால் அலாரம் அடிக்கும்படி எழுதிவிடலாம். ரெசிஸ்டரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 1 சதவீத ரெசிஸ்டர் உங்கள் 870-இல் 12 டிகிரி வரை தள்ளிக் காட்டும், சாதாரண 5 சதவீதம் 58 டிகிரி வரை. 0.1 சதவீதம் கேட்டு வாங்குங்கள், அதில் பிழை ஒரு டிகிரி சொச்சம்.

கணினிப் பக்கம் அதிகம் சொல்ல இல்லை. பதிவைத் தின்பது நள்ளிரவு விண்டோஸ் அப்டேட்டும், யுஎஸ்பி போர்ட்டைத் தூங்கவைக்கும் பவர் செட்டிங்கும்தான், இரண்டையும் அணைத்துவிடுங்கள். விநாடிக்கு 10 என்று எழுதினால் எக்ஸெல்லின் 10,48,576 வரிகள் 29 மணி நேரத்தில் தீரும், ஒரு நாளுக்கு ஒரு ஃபைல் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிகிரியோடு கூடவே மாற்றாத மில்லிவோல்ட்டையும் ஒரு பத்தியில் எழுதிவையுங்கள். சாஃப்ட்வேரில் கணக்கு தப்பு என்று ஆறு மாதம் கழித்துத் தெரிந்தாலும் பழைய பேட்ச்களைத் திரும்பக் கணக்கிடலாம். எனக்கு ஒரு முறை அது மானத்தைக் காப்பாற்றியிருக்கிறது.

இவ்வளவும் செய்த பிறகு திரையில் 870.06 என்று வந்தாலும் அந்தப் புள்ளிக்குப் பின்னால் உள்ளதை நம்பாதீர்கள். ஐஇசி 60584-இன்படி இரண்டாம் வகுப்பு கே-டைப்புக்கு அனுமதி 0.75 சதவீதம், உங்கள் வெப்பத்தில் ±6.5 டிகிரி. முதல் வகுப்புக்கு ±3.5. அதுவும் புதிதாக இருக்கும்போது. கே-டைப் சூட்டில் கிடந்து கிடந்து மாறும். ஆக்சிஜன் குறைந்த சூழலில், உறையில் கசிவிருந்தால் இன்னும் வேகமாக. கார்டை மில்லிவோல்ட் சோர்ஸ் வைத்துச் சரிபார்ப்பது கார்டை மட்டும்தான் சரிபார்க்கும். சங்கிலி முழுவதையும் பார்க்க, என்ஏபிஎல் (ஆய்வகங்களை அங்கீகரிக்கும் இந்திய அமைப்பு) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் சான்றுள்ள ஒரு தெர்மோகப்பிளை ஃபர்னஸுக்குள் உங்களுடையதன் பக்கத்திலேயே விட்டு, இரண்டையும் ஒப்பிட வேண்டும். வாகன உதிரிபாகம் செய்பவர் என்றால் சிக்யூஐ-9 என்ற ஹீட் ட்ரீட்மென்ட் தர ஆடிட்டில் எப்படியும் இதைக் கேட்பார்கள்.

நாளை ஷிஃப்ட் தொடங்கும் முன் செம்புத் துண்டால் ஷார்ட் செய்து என்ன வருகிறது என்று பாருங்கள், பிறகு 10-ஐ 9 ஆக்குங்கள். இரண்டும் சேர்ந்து கால் மணி நேர வேலை. அதுவரை கார்டுக்கு ஆர்டர் போட வேண்டாம். தெர்மோகப்பிள் தலையின் மூடியைக் கழற்றி, அதிலிருந்து கிளம்பும் அந்த 15 மீட்டர் வயர் என்ன நிறம் என்றும் எழுதுங்கள்: பச்சை–வெள்ளையா, மஞ்சள்–சிவப்பா, இல்லை வீட்டு வயரிங் சிவப்பு–கறுப்பா?